சீட்டில் இல்லாத கட்டம்

— கேட்டைத் திறக்காதீங்க ஐயா! முதல்ல அதைக் கட்டுங்க!

— என்னம்மா? கொஞ்சம் சத்தமா சொல்லு. முப்பது வருஷம் அச்சு மிஷின் பக்கத்துல நின்ன காது இது.

— நாயைக் கட்டுங்கன்னேன்!

— ஓ, துரையையா? கேளும்மா, அவன் ஒண்ணும் பண்ண மாட்டான். நீதான் புதுசா வந்த தபால்காரம்மாவா? பழைய தபால்காரர் இவனைத் தட்டிக் குடுத்துட்டுத்தான் போவார்.

— நான் அவர் இல்லையே! 'ஒண்ணும் பண்ண மாட்டான்'னு எல்லா நாய்க்காரரும் இதையேதான் சொல்றீங்க. பழைய ஏரியாவுல ஒண்ணு என் காலைக் கவ்விக்கிட்டு விடாம இருந்தப்பவே, அதோட முதலாளி பக்கத்துல நின்னு இதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தார்.

— அடடா.

— பதினாலு தையல். மழை வந்தா இன்னும் இழுக்குது.

— இவன் அப்படி இல்லம்மா. வாலை ஆட்டறான் பாரு.

— நான் பல்லைத்தான் பாக்கறேன். எட்டு மாசமா பாக்கறேன், தெரு முனையில சைக்கிளை நிறுத்திக்கிட்டு. நேத்து எதிர்வீட்டுப் பொண்ணு பையைப் போட்டுட்டு நடு ரோட்டுல ஓடுச்சே, பாத்தீங்களா? பின்னாலயே லாரி.

— அவன் விளையாடத்தான் துரத்தினான்.

— அது அவளுக்குத் தெரியுமா? கட்டுங்க ஐயா.

— சங்கிலி இல்லம்மா. வாங்கவே இல்ல. கட்டிப்போட்டா இவனை எதுக்கு வெச்சிருக்கேன்?

— ஏன், திருடனுக்காகவா?

— இங்க எடுக்க என்ன இருக்கு? ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், அப்புறம் நான். மூணும் எவனுக்கும் வேண்டாம்.

— தோள்ல துண்டு இருக்குல்ல? அதால கட்டுங்க. அந்த ஜன்னல் கம்பியில.

— இரு. வா துரை, அம்மாவுக்கு உன் மூஞ்சி பிடிக்கலையாம். நில்லுடா. ம், ரெண்டு முடிச்சு போட்டாச்சு.

— இன்னொண்ணு போடுங்க.

— போட்டேன் தாயே. உள்ள வா. தபால் பையோட ஒரு ஆள் இந்த வாசல்ல நின்னு ரொம்ப நாளாச்சு.

— இங்கயே நிக்கறேன். பதிவுத் தபால், கையெழுத்து போடணும்.

— யார் அனுப்பினது? கண்ணாடி உள்ள இருக்கு.

— உங்க பொண்ணு.

— விளையாடாதேம்மா.

— நிஜமாத்தான் ஐயா.

— அவ எழுதறதை விட்டு எட்டு மாசமாச்சு. வீடு மாத்தறேன்ப்பா, புது விலாசம் எழுதறேன்னா. அதோட சரி. போன்ல பேசினா எனக்கு வெறும் இரைச்சல்தான். நான் எழுதலாம்னா, எந்த ஊருக்கு எழுதறது? அப்படி என்னடா தப்பு பண்ணிட்டேன்னு தினம் துரைகிட்டதான் கேப்பேன்.

— கவர் மேலயே ஒரு வரி எழுதியிருக்காங்க.

— படி.

— 'அப்பா, இதையும் வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பினா, இனிமே எழுத மாட்டேன்.'

— இதையும்னா?

— அது வந்து…

— உதடு அசையுது, ஒண்ணும் கேக்கல.

— மெதுவா சொன்னா உங்களுக்குக் கேக்காது. சத்தமா சொன்னா தெருவுக்கே கேக்கும்.

— தெருவுல எனக்கு யார் இருக்கா? சொல்லு.

— இதுக்கு முன்னாடி நாலு வந்துச்சு! நான்தான் திருப்பி அனுப்பினேன்!

— ஏம்மா? நான் வீட்டுலயேதானே இருந்தேன்.

— தபாலைத் திருப்பி அனுப்பறப்ப ஒட்டற சீட்டுல மூணு கட்டம்தான் ஐயா. விலாசம் தப்பு, ஆள் இல்ல, வாங்க மறுத்தார். நாய்னு ஒரு கட்டம் கிடையாது. ஆள் இல்லன்னு போட்டா மறுநாள் திரும்ப வரணும். அந்தப் பயத்துல…

— மூணாவதுல போட்டுட்ட.

— நாலு தடவையும்.

— அப்ப, அவ எழுத்தைப் பாத்துட்டே நான் வேண்டாம்னு சொன்னதா நினைச்சிருக்கா.

— இன்னைக்கு இந்த வரியைப் படிச்சப்புறம் முனையில நிக்க முடியல. ஆபீஸ்ல புகார் எழுதிக் குடுங்க ஐயா. நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்.

— பேனா குடு.

— புகாருக்கா?

— கையெழுத்துக்கு. எங்க போடணும்?

— இங்க. இந்தக் கோட்டு மேல.

— போட்டாச்சு, இந்தா பேனா.

— பின்பக்கம் அவங்க புது விலாசம் இருக்கு. பதில் எழுதி வைங்க, நானே வந்து வாங்கிக்கறேன். ஆனா சங்கிலி இருக்கணும்.

— இன்னைக்கே வாங்கறேன். அந்தப் பொண்ணு வீட்டுலயும் போய் ஒரு வார்த்தை சொல்லிடறேன்.

— ஒண்ணு கேக்கறேன். திருட்டு பயம் இல்லங்கறீங்க. அப்ப எதுக்கு இவ்வளவு பெரிய நாயை அவுத்து விட்டு வெச்சிருந்தீங்க?

— போன வருஷம் அவ தபால் ஒண்ணு, மணி அடிச்சது எனக்குக் கேக்காம திரும்பிப் போயிடுச்சு. தபால் வந்தா ஓடிவந்து என் சட்டையைப் பிடிச்சு இழுக்கணும்னு பழக்கித்தான் இவனை விட்டேன். இழுத்தான்மா, எத்தனையோ தடவை. வந்து பாத்தா தெருவுல யாருமே இருக்க மாட்டாங்க. பொய் சொல்றான்னு இவனைத்தான் திட்டுவேன்.