நகர்ந்த புள்ளிகள்

கண்ணாடிக் குழாய்களை நானேதான் கழுவுவேன். பென்சிலைவிட மெல்லியவை அவை. அந்த வேலைக்கென்று ஓர் உதவியாளர் இருக்கிறார், நல்ல மனிதர்தான். ஆனால் குழாயைக் கழுவும் கையாலேயே நடுவில் மூக்கைச் சொறிந்துகொள்வார். ஒருமுறை அதைப் பார்த்த பிறகு, அவர் கழுவியதைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

நான் பார்க்கிற வேலையை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன். என்.எம்.ஆர். கருவி என்பது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் ஒரு காந்தம். புரதக் கரைசலைக் குழாயில் எடுத்து உள்ளே இறக்கினால், கணினித் திரையில் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் அந்தப் புரதத்தின் ஓர் இடம். அதோடு மருந்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போனால், மருந்து தொடுகிற இடத்தின் புள்ளிகள் மட்டும் நகரும். வேறு கருவிகள் இறுக்கமான பிடிப்பைத்தான் காட்டும். தொட்டதும் விலகிவிடும் பலவீனமான பிடிப்பு அவற்றுக்குத் தெரியாது. நெரிசலில் ஒருவர் உரசிவிட்டுப் போகிற மாதிரியான விஷயம் அது. உரசலைப் பற்றி எனக்கு நன்றாகவே தெரியும். பஸ்ஸில் யாராவது உரசினால்கூட வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

என் தங்கையின் கணவர், நான் வேலை பார்க்கும் மருந்து நிறுவனத்திலேயே வேதியியலர். பேசினால் எச்சில் தெறிக்கும். நாக்கில் விரலைத் தொட்டுத்தான் தாளைப் புரட்டுவார். மெல்லுகிற சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். பழத்தைக் கடித்துவிட்டு, நல்ல இனிப்பு மச்சான் என்று கடித்த பக்கத்தை என்னிடமே நீட்டுவார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு நானும் தங்கையும் மட்டும்தான் வீட்டில். துண்டு, சோப்பு, டம்ளர் எல்லாம் தனித்தனி. தரையில் முகம் பார்க்கலாம். அவளுக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை. பிறகு அவள் இவரைக் கட்டிக்கொண்டு போனாள்.

சில வருஷங்களில் அவளுக்கு மூட்டுவாதம் வந்தது. விரல்கள் வீங்கிக் கோணிக்கொண்டன. தலை வாருவது, பொத்தான் போடுவது எல்லாம் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் உதட்டோரம் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அவள் சிரித்தாள். நான் வாசலுக்குப் போய்விட்டேன்.

அவளுக்காகத்தான் அவர் அந்த மருந்தைச் செய்தார். வீக்கத்தை உண்டாக்கும் புரதத்தை அது கச்சிதமாகப் பிடித்தது. மற்றச் சோதனைகளும் நன்றாக வந்தன. இருந்தும் அவருக்கு மனசு கேட்கவில்லை. மருந்து மூலக்கூறின் வால் பகுதி இதயத்தில் இருக்கும் வேறொரு புரதத்தை லேசாகத் தொடுமோ என்று பயந்தார். நீங்க பாத்துச் சொன்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும் மச்சான் என்று, அந்த இதயப் புரதக் கரைசல் இருந்த குழாயை என் கையில் கொடுத்தார். அதன் மேல் அவருடைய விரல் ரேகை பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது.

துடைத்துவிட்டு உள்ளே இறக்கினேன். மருந்து கூடக் கூட, ஒரே ஓரத்தில் இருந்த ஏழெட்டுப் புள்ளிகள் ஒரே திசையில் ஊர்ந்தன. பலவீனமான பிடிப்புதான். ஆனால் தினமும் விழுங்கப்போகிற மாத்திரை அது. இதயத்தில் சேரச் சேர என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அவர் தேநீரோடு வந்தார். வாய் வைத்த டம்ளரைக் குழாய்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்ன மச்சான், தொடுதா?"

"தொடல மாப்பிள்ளை."

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் கன்னம் ஈரமாக இருந்தது.

உண்மையைச் சொல்லியிருந்தால் வாலை மாற்றிச் செய்திருப்பார். கெட்டிக்காரர், முடிந்திருக்கும். என் உழைப்பில் அவர் மேலே போவதை நான் விரும்பவில்லை. எப்படியும் விலங்குச் சோதனையில் மாட்டிக்கொள்வார், நாலு பேர் முன்னால் தலைகுனிவார், வேலை போகும், தங்கை என் வீட்டுக்கே திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். விலங்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றின் இதயப் புரதம் கொஞ்சம் வேறு மாதிரி. அதை நான் யோசித்திருக்க வேண்டும். அது என் கவனக்குறைவு, ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்து மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனை தொடங்கியது. தங்கைக்கும் அதில் சேர ஆசை. அவர் வேண்டாம் என்று தடுத்தார். அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

"அவர் பயப்படறார் அண்ணா. நீதானே பாத்தே. நீ சொல்லு, சேரட்டுமா?"

அவள் மேல் அவருடைய வியர்வை வாடை அடித்தது. சின்ன வயதில் சோப்பு வாசனை அடிக்கும் பெண்.

"சேரும்மா. ஒண்ணும் ஆகாது."

அவள் போனதும் நாற்காலியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன்.

அவள் விரல்கள் நிமிர்ந்தன. தானே பொத்தான் போட்டுக்கொண்டு வந்து காட்டினாள். அதற்குள் மருந்து சாப்பிட்ட ஒரு முதியவர் மாரடைப்பில் இறந்தார். வயசு ஆச்சு என்றார்கள். பிறகு ஒரு பள்ளி ஆசிரியை. பிறகு இன்னொருவர். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் பழி அவரை விட்டுவிட்டு என் மேல் வந்திருக்கும். நாலாவது ஆள் என் தங்கை.

சாவு வீட்டில் அவர் என் தோளில் விழுந்து அழுதார். என் சட்டைக் காலரில் சளி. அந்தச் சட்டையை அன்றைக்கே கொளுத்திவிட்டேன். விசாரணைக் குழுவிடம், மச்சான் மேல ஒரு தப்பும் இல்ல, செஞ்சது நான்தான் என்று அவரே சொன்னாராம். வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். இப்போது குளிக்காமல், தாடி வளர்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே கிடக்கிறார் என்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. அந்த வாடையைத் தாங்க முடியாது.

யாரும் கூப்பிடாமல் நானாக இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் குழுவின் முடிவு வந்தது. இவ்வளவு பலவீனமான பிடிப்பைக் காணும் திறன் அந்தக் கருவிக்கு இல்லை என்று முடித்துவிட்டார்கள். இதை என்னால் ஏற்க முடியாது. என் கருவி பார்த்தது. நானும் பார்த்தேன். தெரிந்தேதான் இல்லை என்று சொன்னேன். நாலு பேர் சாவுக்கும் நான்தான் காரணம், கருவி இல்லை.

தங்கையைப் பற்றிக் கேட்டீர்கள். அன்று மதியம் அவர் வேலையில் இருந்தார். அவள் எனக்குத்தான் போன் செய்தாள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா, அவரைக் கூப்பிட்டால் பயந்துவிடுவார் என்றாள். வேண்டாம்மா, நான் பாத்துக்கறேன், நீ படுத்துக்கோ என்றேன். படுத்துக்கொண்டாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். அதன் பிறகு பேச்சு இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. அது நிற்கும்வரை நான் போனை வைக்கவில்லை. ஆம்புலன்ஸை அழைத்திருந்தால் அவரும் ஓடி வந்து அந்தக் கையால் அவளைத் தொட்டிருப்பார். கடைசிவரை அவளோடு இருந்தது அவர் இல்லை, நான்தான். தயவுசெய்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.