கூட்டம் வேறு, பிடி வேறு

அவைக்குத் தலைமையேற்று அழகு சேர்க்கும் மருந்துக்கடை ஐயா அவர்களே! ஆன்றமைந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அறிவுரை கேட்க வந்திருக்கும் அன்னையரே! (அணைத்துவிட்டுத்தானே வந்தீர்கள்?) தொலைநோக்கிக் கூடத்திலேயே தலைநரைத்து ஓய்வுபெற்ற இந்தக் கிழவியின் வணக்கம்!

வாசலில் ஒருவர் என்னை மறித்தார். “இருள்பொருள்னா என்னம்மா, கள்ளச் சாமானா?” ஐயா, கள்ளச் சாமான் என்றைக்காவது பிடிபடும். இது இன்னும் எவர் கைக்கும் அகப்படவில்லை!

விண்மீன் மண்டலங்களின் ஓரத்து விண்மீன்கள் சுழலும் வேகத்துக்கு, அவை என்றோ சிதறியிருக்க வேண்டும். சிதறினவா? இல்லையே! ஒளியில்லை, நிறமில்லை, நிழலுமில்லை. ஆனால் ஏதோ ஒன்று இழுத்துப் பிடித்திருக்கிறது. அதுதான் இருள்பொருள். தனித்திருக்கும் மண்டலத்தைச் சுற்றி அது பரந்து கிடக்கும். அதே மண்டலம், மண்டலங்களின் பெருங்கூட்டம் ஒன்றுக்குள் போய் விழுந்தால்? கூட்டத்தின் இழுப்பு விண்மீன்களை விட்டுவிட்டு, முதலில் வெளிப்புற இருள்பொருளை உரிக்கிறது. பார்ப்பவருக்குப் பழைய பளபளப்புத்தான். பிடிதான் போய்க்கொண்டிருக்கும்.

என் கணவர் பேருந்து ஓட்டியவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவர். அடுத்த அறையில் செருமுவார். “என்ன?” என்பேன். “ஒண்ணுமில்ல” என்பார். அந்த ‘ஒண்ணுமில்ல’தான் ஐயா, என்னைச் சிதறாமல் வைத்திருந்தது! அவர் போன பிறகும் அந்த வீட்டின் சுவர்களில் அது கொஞ்சம் மிச்சமிருந்தது.

பிறகு மகன் வந்து தன் வீட்டுக்கு அழைத்துப்போனான். அன்புக்குக் குறைவில்லை. மருமகள் தங்கம், பேரப்பிள்ளைகள் வால்கள். எந்நேரமும் கூச்சல், சிரிப்பு, தொலைக்காட்சி. “நல்லாத்தானேம்மா இருக்கீங்க? வீடு நிறைய ஆளிருக்கோம், இன்னும் என்ன?” என்கிறான். என்னவென்று சொல்வேன்? வாய்விட்டுச் சிரிக்கிறேன், வயிறாரச் சாப்பிடுகிறேன், நாளுக்கு நாள் கரைகிறேன்.

என்னம்மா, பின்வரிசையில்? சத்தமாகப் பேசவா? மன்னியுங்கள், ஒலிவாங்கியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொள்கிறேன்.

கூட்டம் வேறு, துணை வேறு! சுற்றி நிற்பது வேறு, பற்றி நிற்பது வேறு! ஒளிர்கிறாள் என்பதால் ஒருத்தி உடையவில்லை என்று யார் சொன்னது?

மகனே, மூன்றாம் வரிசையில் நெளியாதே. உன்மேல் கோபமில்லையப்பா. என் பழைய வீட்டை வாடகைக்குப் பார்க்க நாளை ஆட்கள் வருவதாகச் சொன்னாய். வந்தால் சொல்லிவிடு: வீடு காலியில்லை, அம்மா இருக்கிறாள் என்று.

பொறுமையோடு கேட்ட உங்கள் அத்தனை பேருக்கும் நன்றி. வணக்கம்.