ஏலாத கை

திருகோணமலை மான்கள் மனிதருக்குப் பயப்படுவதில்லை. விடியற்காலையில் கோட்டைப் பக்கம் இருந்து இறங்கி வந்து எங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கையில் நின்று வாழைத்தோல் தின்னும். அதனால் அவற்றைப் படம் எடுப்பது லேசு என்று நினைப்பீர்கள். இல்லை மிஸ். பயமில்லாத மிருகம் திரும்பிப் பார்க்காது. முதுகைத்தான் காட்டிக்கொண்டு நிற்கும்.

நீங்கள் சட்டத்தரணி, முனாப்பின் வழக்குக்காக வந்திருக்கிறீர்கள், மான்களைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கதை அங்கேதான் தொடங்குகிறது. குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். தேத்தண்ணி ஆறப்போகிறது, குடியுங்கள்.

நான் நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறுகிறவன். தொண்ணூற்றாறாம் ஆண்டு மாரியில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அது விட்ட கையோடு பாதம் மரத்தது, பிறகு முழங்கால், பிறகு கைகள். நரம்பு வருத்தம், வந்த வழியே திரும்பிப் போகும், ஆனால் ஆமை வேகத்தில்தான் போகும் என்றார் டாக்குத்தர். என் மனைவி பூரணி சோறு ஊட்டினாள், சேர்ட்டுக்குத் தெறி பூட்டினாள். பென்சில் பிடித்த கை செத்த மீன் போல மடியில் கிடந்தது. ஆம்பிளைக்கு அது எவ்வளவு வெட்கம் என்று சொல்லத் தேவையில்லை.

முனாப் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். சந்தைக்குப் பக்கத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்தான். ஒருநாள் பழைய கமரா ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான்.

"கதிரையில கிடந்து முகட்டை எண்ணினது காணும் மச்சான். விரலுக்கு வேலை குடு. அப்பதான் அது உன்ட சொல்லுக் கேக்கும்."

எங்கள் மேல்வீட்டு அறைக்கு இரண்டு சன்னல்கள். கிழக்குச் சன்னல் ஒழுங்கையைப் பார்த்தது. அதன் விளிம்பில் தலையணை போட்டு, அதன்மேல் கமராவை இருத்தி, என் சுட்டுவிரலுக்கு மேல் தன் விரலை வைத்துப் பொத்தானை அமத்துவான். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து வந்து பிலிம் ரோலை எடுத்துக்கொண்டு போவான். அடுத்த வெள்ளி கழுவிய படங்களோடு வந்து என் மானத்தை வாங்குவான். "மானைக் காணல்லடா சிங்கம், வால் மட்டும் வடிவா விழுந்திருக்கு. வாலுக்கு ஒரு பிரேம் போடுவமா?" என்பான். அந்த நாட்களில் நான் சிரித்தது அவனோடு மட்டும்தான்.

அவன் ஒரேயொரு நிபந்தனை வைத்தான். மேற்குச் சன்னலைத் திறக்கக் கூடாது. அந்தப் பக்கம் உட்துறைமுகம். "உனக்கு அது படம், நேவிக்காரனுக்கு அது உளவு. வாக்குத் தா," என்றான். தந்தேன்.

மெல்ல மெல்ல விரல்கள் திரும்பின. முதலில் பெருவிரல், பிறகு மற்றவை. ஒருநாள் நானே தெறி பூட்டியதைப் பார்த்துப் பூரணி அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஏலும் எண்டு ஒருத்தருக்கும் காட்டாதையுங்கோ. சுத்திவளைப்பில ஏலாத ஆக்களைத்தான் வீட்டில விடுறாங்கள்." அவள் சொன்னது சரி. ஆமிக்காரர் ஊர் ஆண்களை எல்லாம் மைதானத்துக்குக் கொண்டுபோய், ஆளைக் காட்டிக்கொடுக்கும் முகமூடிக்காரனுக்கு முன்னால் இருத்தியபோது நான் மட்டும் கதிரையில் இருந்தேன். என் விரல்கள் அசையும் என்பது பூரணிக்கும் முனாப்புக்கும்தான் தெரியும்.

முடியாது என்பதற்கு எங்கள் பேச்சில் ஏலாது என்று ஒரு வசதியான சொல் உண்டு, மிஸ். வருத்தக்காரனும் அதைத்தான் சொல்வான், மனமில்லாதவனும் அதைத்தான் சொல்வான். கேட்கிறவர் எதை எடுத்துக்கொள்கிறாரோ அது அவர் பாடு.

ஒருநாள் பின்னேரம் பூரணி கோயிலுக்குப் போயிருந்தாள். காலும் கொஞ்சம் ஊன்றத் தொடங்கியிருந்தது. அவளுக்குத் தெரியாமல் நான் சுவரைப் பிடித்துப் பிடித்து மேற்குச் சன்னலுக்குப் போனேன். திறந்தேன். சூரியன் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் குறுக்கே நேவியின் கப்பல் ஒன்று மெதுவாக உள்ளே வந்தது. தலையணை இல்லை, மேலே முனாப்பின் விரலும் இல்லை. என் விரல் தானாக அமத்தியது. கப்பல் எனக்கு ஒரு பொருட்டே இல்லை, நான் பார்த்தது அந்த வெளிச்சத்தைத்தான். இதை நம்புங்கள்.

வெள்ளிக்கிழமை முனாப் வந்தான். கமராவைத் துப்புரவாக்க வேணும் என்று அதையும் ரோலையும் சேர்த்துப் பையில் போட்டான். "என்ன இருக்கு இதுக்குள்ள?" என்று கேட்டான். "மான்," என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே பிலிமை இழுத்து வெளிச்சத்தில் காட்டி அழித்திருப்பான். அது நான் தனியே எடுத்த முதல் படம். அவன் அதைக் கழுவிப் பார்த்து, ஆள் தேறிட்டாய் மச்சான் என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வழியில் ஆமிக்காரர் பை சோதிக்கும் சென்றி இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன்.

சென்றியில் பையைத் திறந்திருக்கிறார்கள். முனாப் கொஞ்சமும் பதறவில்லையாம். "வருத்தக்காரச் சிநேகிதன் பொழுதுபோக்குக்கு எடுத்தது சேர். கழுவிப் பாருங்க, மான்தான் இருக்கும்," என்றானாம். அவனே சொல்லிக் கழுவ வைத்தான். என் வாக்கில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த நாள் காலை அவனை இங்கே கூட்டிவந்தார்கள். கை பின்னால் கட்டியிருந்தது, உதடு வெடித்திருந்தது. அதிகாரி மேற்குச் சன்னலைத் திறந்து, கையில் இருந்த படத்தையும் வெளியையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழ் தெரிந்த ஆமிக்காரன் ஒருவன் கமராவை என் கையில் வைத்தான்.

"இவன் சொல்றான் நீங்க எடுத்தது என்டு. ஏலுமா உங்களுக்கு?"

அந்தக் கமராவின் பாரம் எனக்கு நன்றாகத் தெரியும். விரல்கள் தாமாகவே அதைப் பிடித்துக்கொண்டன. நான் அவற்றைத் தளர விட்டேன். கமரா நிலத்தில் விழுந்தது.

"ஏலாது," என்றேன்.

முனாப் முதலில் கமராவைத்தான் பார்த்தான். "லென்ஸ் போயிட்டு," என்றான். பிறகு என்னைப் பார்த்தான். கோபமாய்ப் பார்த்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "அவருக்கு ஏலாது சேர். வாங்க போவம்," என்றான். கவனியுங்கள் மிஸ், நான் மட்டும் சொல்லவில்லை. அவனும் அதைத்தான் சொன்னான்.

பூரணி அகப்பையோடு குசினி வாசலில் நின்று எல்லாம் கேட்டாள். மத்தியானம் நான் சோற்றில் கை வைக்கப் போனேன். கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். "உங்களுக்கு ஏலாதெல்லோ," என்று ஊட்டிவிட்டாள். நானும் வாயைத் திறந்தேன். அந்தச் சோறு இறங்கிய இறக்கத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

சில மாதம் கழித்து முனாப்பின் மனைவி ஜெஸீமா வந்தாள். அவனைத் தெற்கே ஒரு முகாமில் வைத்திருக்கிறார்களாம். நான் கோட்டில் நீதவானுக்கு முன்னால் வந்து, படம் எடுத்தது நான்தான் என்று ஒரு சொல் சொன்னால் போதுமாம். "அண்ணன், கதிரையோட தூக்கிட்டுப் போறம், திருப்பிக் கொண்டந்து விடுறம்," என்றாள்.

"எனக்கு ஏலாது பிள்ளை."

அவள் என் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். கண் கலங்கிப் போனாள். "ஏலாத மனிசனைக் கரைச்சல் படுத்திட்டன், மன்னிச்சுக்கங்க அண்ணன்," என்றாள். எனக்கென்று கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தை மேசையில் வைத்துவிட்டு இறங்கினாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

இனிச் சொல்லப் போவதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் வாசல் படலையைத் திறந்தபோது பின்னேர வெயில் அவளுடைய முக்காட்டில் பட்டது. அந்த நேரத்தில் ஒழுங்கையில் ஒரு மான் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. இத்தனை காலமும் நான் காத்திருந்த படம் அது. ஆமிக்காரர் நிலத்தில் விட்டுப் போய், பூரணி லென்ஸ் மாற்றிப் போட்டு வைத்திருந்த கமரா பக்கத்தில் கிடந்தது. எடுத்தேன்.

அந்த ரோலை நான் அலுமாரிக்குள் ஒளித்து வைத்தேன். பூரணி அதை எடுத்துக்கொண்டுபோய் ஜெஸீமாவிடமே கொடுத்திருக்கிறாள். கணவன் போன பிறகு ஸ்ரூடியோவில் படம் கழுவுகிறவள் அவள்தான். இருட்டறைத் தண்ணிக்குள் தன் முதுகு மெல்ல மெல்லத் தெரிவதை அவள் பார்த்திருப்பாள். உங்களை என்னிடம் வரவைத்த, நீங்கள் மேசையில் வைத்திருக்கும் படம் அதுதான். மானின் கண்ணைப் பாருங்கள், எவ்வளவு துலக்கமாக விழுந்திருக்கிறது. முனாப் பார்த்தால் பகிடி பண்ண மாட்டான்.

இவ்வளவுதான். ஒன்றும் மறைக்கவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள், ஒரு பிழையும் இல்லை. இனி என் மனச்சாட்சி சுத்தம். கீழே கையெழுத்துப் போட்டால் முனாப் வெளியே வருவான் என்கிறீர்கள். வாசலில் ஜெஸீமா நிற்கிறாள், தெரிகிறது. பூரணி, பேனையை ஏன் என் விரலுக்குள் வைக்கிறாய்? நான்தான் எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிட்டேனே.

இதோ, விழுந்துவிட்டது. பார்த்தீர்கள்தானே மிஸ். ஏலாது.