மாப்பிள்ளை வரும் வீட்டில் முரசு

நிந்தவூரில் பொப் பங்க் என்னும் மேலைநாட்டுத் துள்ளிசை வாசிக்கும் குழு ஒன்று இருந்ததை எழுதிவைப்பார் எவருமிலர். ஆதலின், கல்முனையிலிருந்து சென்ற பேருந்தில் என் காதில் விழுந்ததை இங்கே பதிவு செய்கிறேன். முன்னிருக்கையில் இளைஞர் இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவரின் மடியில் கிற்றார் இருந்தது.

“ட்ரம்ஸுக்கு இனி ஊடில்ல மச்சான்,” என்றார் மற்றவர்; அவர் குழுவின் முரசுக்காரர்.

“ஏன்டா?”

“ராத்தாட கலியாணத்தோட ஊடு அவவுக்குத்தானே. மாப்பிள்ள வந்து இரிக்கப் போறாரு. அவருக்கு இந்தச் சத்தம் ஒத்துவராதாம்.” ராத்தா என்றது அவர்தம் அக்காவை; அவ்வூரில் வீடு மகளுக்கே சீதனமாகும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார்.

“நீயும் ஒருநாள் பொண்டாட்டிட ஊட்டுக்குத்தானே போவாய். அங்க வெச்சி அடி.”

“சீதன ஊட்டுல ட்ரம்ஸ் அடிக்கிற மருமகன எந்த மாமிடா வெச்சிருப்பா?”

இருவரும் சிரித்தனர். சிரிப்பு அடங்கியதும் கிற்றார்க்காரர் சொன்னார்: “மட்டக்களப்புப் பொடியனுகள் இப்பதான்டா நம்மளயும் ஒரு பேண்ட் எண்டு சேத்துக்கிட்டானுகள். அடுத்த மாசம் அவனுகளோட மேடை.”

“வேற ஆளப் பாரு.”

“நம்மட ஊர்ல வேற ட்ரம்ஸ்காரன் எங்கடா இரிக்கான்?”

பேருந்து காரைதீவைக் கடந்தது. நிந்தவூரில் இறங்க எழுந்தபோது முரசுக்காரர் சொன்னார்: “ட்ரம்ஸ வித்துர்ரன்டா. வாங்குறவனுக்கு அடிக்கத் தெரிஞ்சா, அவனயே சேத்துக்க.”

இசைக்கருவிகளின் பெயர்களிலோ அவர்தம் பேச்சின் ஒலியிலோ யான் பிழைபட எழுதியிருப்பின், அறிந்தோர் திருத்தியருள வேண்டுகிறேன்.