ஹென்றிக்குக் கேட்ட மணி

கதையின் நடுவில் எழுந்து போவது எனக்குச் சிறு வயதிலிருந்தே கஷ்டம். சாப்பிடக் கூப்பிட்டால்கூட அத்தியாயம் முடிந்த பிறகுதான் போவேன். இதைச் சொல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது, ஐயா.

ராயபுரம் கரையில், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் நான் நேரக் குமாஸ்தா. அங்கே ஆறு பேர் சாரத்தில் நின்று காற்றுச் சுத்தியலால் கப்பலின் துருவை உரிப்பார்கள். அந்தச் சுத்தியல் விடாமல் அதிரும். நாளாக ஆக விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்து, தொடுவதே தெரியாமல் போய்விடும். அதனால் சென்ற வருஷம், ஐம்பத்து மூன்றில், பட்டறை டாக்டர் ஒரு விதி போட்டார். அரை மணி நேரம் வேலை, பத்து நிமிஷம் ஓய்வு. ஓய்வுக்கு மணி அடிப்பது என் பொறுப்பு. மேலே நிற்பவர்களிடம் கடிகாரம் கிடையாது.

முதல் தடவை வேண்டுமென்று தவறவிடவில்லை. வாடகைக்கு எடுத்த மொழிபெயர்ப்பு நாவல், கடலில் திசை தப்பியவர்களின் கதை. நிமிர்ந்து பார்த்தபோது ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் நானாகத்தான் அடிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஆறு பேரில் மூத்தவரான ஹென்றி வந்தார்.

"இன்னா ரகுபதி, மணி அடிக்கிறியா, இல்ல தூங்கிகினு கீறியா?"

"அடிச்சேன்ணே. காதுல பஞ்சு வெச்சிகினு கீறீங்க, எப்படிக் கேக்கும்?"

நம்பிவிட்டார். இரைச்சல் தாங்காமல் வைத்திருந்த பஞ்சை அன்றே ஆறு பேரும் எடுத்து எறிந்தார்கள். அதன் பிறகு நாளுக்கு இரண்டு முறை அடித்தேன். அதுவும் கேட்காவிட்டால் சந்தேகம் வரும் அல்லவா. மீதியை அடித்ததாகப் பதிவேட்டில் எழுதினேன். அவர்கள் தங்கள் காதைத்தான் சந்தேகித்தார்கள். சில மாதங்களில் அந்தச் சந்தேகமும் உண்மையாகிவிட்டது.

ஹென்றி டீ கிளாஸை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடிக்கத் தொடங்கினார்.

"எம் பொஞ்சாதி பிலோமிதான் சட்டைக்குப் பொத்தான் போட்டு வுடுது. புது மாப்ள மாதிரி கீறேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த மாதம் நான் எடுத்த நாவலில், பனி மிதக்கும் ஆற்றில் துணி துவைத்துப் பிழைக்கும் ஒரு பெண் வருகிறாள். அவள் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் பக்கத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் படித்தேன். வெளியே சுத்தியல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அன்று காலையிலிருந்து ஒரு மணியும் அடித்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு அந்த நாவல் முடிந்தது. மனம் நிறைந்திருந்தது. உலகத்தில் கஷ்டப்படுகிற எல்லோரையும் நினைத்தேன். வெளியே போய், வழக்கத்தைவிட நீளமாக மணி அடித்தேன்.

ஹென்றி நின்றது முப்பதடி உயரம். பக்கத்தில் வேலை செய்த வால்டர் பிறகு சொன்னார். மணி கேட்டதும் ஹென்றியின் முகம் மலர்ந்துவிட்டதாம். "டேய் வால்டரு, கேக்குதுடா எனக்கு" என்று சொல்லிக்கொண்டே இறங்குவதற்குக் கயிற்றைப் பிடித்தாராம். கை பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியவுமில்லை.

எட்டு மாதம் நான் ஒழுங்காக மணி அடிக்கவில்லை என்று தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மற்ற ஐந்து பேரின் கைகளையும் சேர்த்து எழுதுங்கள். மறுக்கவில்லை.

ஆனால் அவர் விழுந்த அன்று சரியான நேரத்துக்கு அடித்தேன். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.