பேபாவுக்காக ஒரு பந்தி

சூரியகாந்தி விதை எனக்கும் பிடிக்கும். டி.வி.யில் கால்பந்து ஓடும்போது ஒரு பொட்டலம் கொறிக்காமல் என்னால் இருக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மேடம். நான் ஏதோ விதைகளுக்கு விரோதி என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

பெயர் வெலிசார். ஸ்ரெனியானின் என்கிற இந்த ஊரில் பாதுகாப்புக் கதவு போடுவது என் தொழில். இரும்புக் கதவு. சாவியைத் திருப்பினால் நாலு பக்கமும் கம்பி போய்ச் சுவருக்குள் உட்காரும். சம்பவம் நடந்த கதவை நேரில் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வாக்குமூலத்தையும் இங்கேயே எடுத்துக்கொள்ளலாம் என்றேன், ஒத்துக்கொண்டீர்கள். உங்கள் ஸ்டேஷன் நாற்காலி முதுகுக்கு ஆகாது.

நான் எதையும் ஒளிக்கப் போவதில்லை. இது ஒரு குழந்தையின் சாப்பாட்டு விஷயம், அவ்வளவுதான்.

குழந்தை என்று நான் சொல்வது பேபாவை. அதோ, கூண்டின் மேல் உட்கார்ந்து உங்கள் காதுத் தோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாளே, அவள்தான். சாம்பல் கிளி. இன்னும் ஒரு வயது முடியவில்லை. எனக்கும் என் மனைவி தெசாங்காவுக்கும் பிள்ளை இல்லை. போன கோடையில் தெசாங்கா இவளை வாங்கி வந்தாள். விற்றவன் வெறும் சூரியகாந்தி விதையைக் கொடுத்தே வளர்த்திருக்கிறான். இறக்கை பளபளவென்று இருக்கிறதே என்று நாங்களும் அதையே கொடுத்தோம்.

கால்நடை மருத்துவர் பிராங்கா இவளைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"வெறும் விதையாக் குடுத்தா ஈரல்ல கொழுப்பு ஏறிடும். பார்க்க கொழுகொழுன்னு இருக்கும். ஒரு நாள் கம்பியிலேருந்து பொத்துனு விழும்" என்றார். "குட்டியா இருக்கறப்பவே பழக்கிடுங்க. வளர்ந்துட்டா புதுசா எதையும் தொடாது."

என்ன கொடுப்பது என்றும் அவரே சொன்னார். கடையில் விற்கும் தீவனக் குருணை, கீரை, கேரட், பூசணி, புரோக்கோலி, முளைகட்டிய கோதுமை, உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ், கொஞ்சம் பழம். தினம் ஒரே மாதிரி இல்லாமல் மாற்றி மாற்றி. விதை எப்போதாவது, பரிசு மாதிரி. உப்பு, சாக்லேட், அவகாடோ, மது, இதெல்லாம் பக்கமே வரக் கூடாது.

"தின்ன மாட்டேன்னு அடம் பிடிச்சா?" என்று கேட்டேன்.

"நீங்க அது முன்னாடி உட்கார்ந்து தின்னு காட்டுங்க. கிளி கூட்டமா வாழற ஜாதி. கூட்டம் எதை ருசிச்சுத் தின்னுதோ அதைத்தான் அதுவும் தின்னும். இனிமே நீங்கதான் அதோட கூட்டம்."

இந்த வாக்கியத்தை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்வது நல்லது, மேடம். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஒரு படித்த டாக்டர் சொன்னதை நான் செய்தேன்.

மறுநாள் காலை பேபாவுக்கு எதிரில் உட்கார்ந்து பச்சைப் புரோக்கோலியை மென்றேன். "ஆகா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி தெசாங்காவைப் பார்த்தாள். தெசாங்கா ரொட்டிமேல் பன்றிக்கொழுப்பு வறுவலைப் பரப்பிக்கொண்டிருந்தாள். நானும் சேர்ந்து தெசாங்காவையே பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. கூட்டத்துக்குள்ளேயே ஒற்றுமை இல்லை.

ஃப்ரிட்ஜுக்கு ஒரு பூட்டுப் போட்டேன். சின்னப் பூட்டுதான். பிறகு சமையலறை அலமாரிக்கும்.

"வெலா, நான் உன் பொண்டாட்டியா, உன் கிளியா?" என்று கேட்டாள் தெசாங்கா.

"பொண்டாட்டிதான். அதனாலதானே உனக்கு ஆப்பிள் ஒரு துண்டு அதிகமா வெச்சிருக்கேன்."

"உப்பாவது குடுய்யா. சாகற மாதிரி இருக்கு."

"அவ பார்த்துட்டிருக்கா. சிரிச்சுக்கிட்டே சாப்பிடு."

நான் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. பசித்தபோது அவளாகவே சாப்பிட்டாள். அலமாரிச் சாவி எங்கே என்று அவள் என் சட்டைப் பைகளைத் தேடியதெல்லாம் பிரியத்தில்தான். கன்னம் கொஞ்சம் ஒட்டியது. எனக்கென்னவோ கல்யாணத்தன்று பார்த்த முகம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. முக்கியமான விஷயம், குளிர் தொடங்கியபோது பேபா ஒரு கேரட் துண்டை எடுத்து நக்கிவிட்டுக் கீழே போட்டாள். போட்டாள் என்பதை விடுங்கள். எடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரெதென் வந்தான்.

ஸ்ரெதென் எனக்குக் கூம். எங்கள் கல்யாணத்தில் மோதிரம் பிடித்து நின்றவன். கூம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் தம்பியிடம் சண்டை போடலாம், கூமிடம் கூடாது. அவன் கேட்டு இல்லை என்று சொல்ல முடியாது. அவன் கோட்டுப் பையில் எப்போதும் விதை இருக்கும், அதுவும் உப்பில் வறுத்தது. பேபா அவன் தோளில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவன் பல்லால் ஓட்டை உடைத்து உடைத்துப் பருப்பை ஊட்டினான்.

"என்னடா கூமே, பொண்ணு எலும்பும் தோலுமா இருக்கா. தழை தின்ன இவ என்ன ஆடா?"

"கூமே, அவ ஈரல் கெட்டுடும்."

"என் ஈரலைப் பாரு. அம்பது வருஷமா ரக்கியாச் சாராயம் ஊத்தறேன். சிங்கம் மாதிரி இருக்கு."

தெசாங்கா கையை நீட்டினாள். அவளுக்கும் ஒரு கைப்பிடி கொடுத்தான். அவள் ஓட்டோடு தின்றாள்.

அன்றிலிருந்து பேபா கேரட்டைத் தொடவில்லை. விதை கொடுக்காத நாளில் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு ஸ்ரெதெனின் குரலிலேயே "தழை தின்ன இவ என்ன ஆடா" என்பாள். எடை கூடிக்கொண்டே போனது. மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் பிராங்கா இந்த முறை முகம் சுளிக்கவில்லை. "நாள் அதிகம் இல்லை, சீக்கிரம் மாத்துங்க" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் இரண்டு பேர் போதாது என்று புரிந்துகொண்டேன். கிளி பெரும்பான்மை பக்கம் போகும். எனக்குப் பெரிய கூட்டம் வேண்டியிருந்தது. எல்லோரும் ஒரே மேஜையில், ஒரே நேரத்தில், ஒரே சாப்பாட்டை, ருசித்து.

டிசம்பரில் புனித நிக்கொலா திருநாள். எங்கள் குடும்பப் புனிதருக்கு விருந்து வைக்கும் ஸ்லாவா.

நம் ஊரில் ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பது கிடையாது. வருகிறவர்கள் வருவார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. சாப்பிடாமல் யாரையும் வெளியே விடக் கூடாது. இது என் சட்டம் இல்லை, மேடம். உங்கள் வீட்டிலும் இதே சட்டம்தான். அதிலும் நிக்கொலா நோன்பு நாளில் வருகிறவர். இறைச்சி இல்லையே என்று எவனும் வாயைத் திறக்க முடியாது. புனிதரே என் பக்கம் என்று எனக்குத் தோன்றியதில் என்ன தப்பு?

மதியத்துக்குள் வீடு நிறைந்தது. தெசாங்காவின் தங்கை குடும்பம், என் ஒன்றுவிட்ட சகோதரர்கள், மாடி வீட்டுக்காரர்கள், ஸ்ரெதென். எல்லோரும் காலையில் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நோன்பிலும் மீன் உண்டு, வறுத்த கெண்டை வரும் என்று ஆசை. கடைசியாகப் பாதிரியார் கவ்ரிலோ ரொட்டியை ஆசீர்வதிக்க வந்தார். அவர் உள்ளே வந்ததும் நான் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை. என் கதவுகளின் சிறப்பே அதுதான்.

மூடியைத் திறந்தேன். பச்சைப் புரோக்கோலி. துருவிய பூசணி. உப்பில்லாத பீன்ஸ். முளைகட்டிய கோதுமை, சர்க்கரை இல்லாமல். நடுவில் ஒரு பெரிய பாத்திரம் நிறையக் குருணை. ஓரமாகக் காய்ந்த மிளகாய். பறவைகளுக்கு மிளகாயின் காரம் தெரியாது. ஸ்ரெதெனுக்குத் தெரிந்தது.

"மீன் எங்கடா கூமே?"

"இல்ல."

"ரக்கியா?"

"ஈரலுக்கு ஆகாது."

நம் ஊரில் சாவு வீட்டில்கூட ரக்கியா உண்டு என்று உங்களுக்குத் தெரியும்.

நான் நிதானமாக எடுத்துச் சொன்னேன். பேபாவின் கிண்ணத்திலும் இதே சாப்பாடுதான். கிண்ணத்துக்குள், சாப்பாட்டுக்கு அடியில் கதவுச் சாவி. அவள் தின்று முடித்தால் சாவி தெரியும். அவள் தின்ன வேண்டுமென்றால் நாம் தின்ன வேண்டும். சந்தோஷமாக.

ஸ்ரெதென் நேராகப் போய்க் கிண்ணத்தில் கை விட்டான். பேபா கடித்தாள் என்று புகாரில் எழுதியிருக்கிறது. கடிக்கவில்லை. விரலைச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டாள். அடுத்தவர் கிண்ணத்தில் கை விடுவது பந்தி மரியாதையா? நான்கு தையல் என்கிறார்கள். டாக்டர்கள் எப்போதும் ஒன்றிரண்டு சேர்த்துத்தான் போடுவார்கள்.

நான் யாருடைய போனையும் பிடுங்கவில்லை. மாடி வீட்டுக்காரர் உங்கள் கட்டுப்பாட்டு அறைக்கே பேசினார். ஸ்பீக்கரில் போட்டார். எல்லோரும் கேட்டோம்.

"சார், எங்களை ஒரு வீட்டுல அடைச்சு வெச்சிருக்காங்க. சாப்பிட்டு முடிக்காம வெளிய விட மாட்டானாம்."

"இன்னிக்கு நிக்கொலா ஆச்சேய்யா. என் மாமியார் வீட்டுலயும் அதே கதைதான். ஊர் பூரா அப்படித்தான். சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க."

"சார், தழை குடுக்கறாங்க சார்."

"நோன்புன்னா தழைதான். வைங்க போனை."

இரண்டாவது முறை பேசியபோது போனில் அந்தப் பக்கம் பத்துப் பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. பேசிய போலீஸ்காரர் யார் என்று நான் விசாரிக்கப் போவதில்லை. அவர் சட்டம் தெரிந்தவர்.

முதலில் உட்கார்ந்தது பாதிரியார். அவருக்கு இன்னும் பல வீடுகளில் ரொட்டி காத்திருந்தது. "ஆண்டவரே, இதையும் உமக்காக" என்று முணுமுணுத்துவிட்டுப் புரோக்கோலியைக் கடித்தார்.

"சிரிங்க, ஃபாதர்" என்றேன்.

சிரித்தார். பிறகு தெசாங்காவின் தங்கை. பிறகு ஒவ்வொருவராக. இருட்டுகிற நேரத்துக்கு ஒரு வீடு நிறைய ஆட்கள் கண்ணில் நீர் வழியக் குருணையை மென்றுகொண்டு "ஆகா, ஆகா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரெதென் கைக்குட்டையில் விரலைச் சுற்றிக்கொண்டு, "தெய்வமே, என்ன ருசி" என்று கூவினான். நான் அதை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

பேபா கூண்டிலிருந்து இறங்கி வந்தாள். மேஜைமேல் நடந்து, பாதிரியாரின் மார்பில் ஏறி, அவர் தாடியில் ஒட்டியிருந்த புரோக்கோலித் துணுக்கைக் கவ்வினாள். மென்றாள். விழுங்கினாள். பிறகு தன் கிண்ணத்துக்குப் போய் அடிவரை தின்றாள்.

நான் அழுதேன், மேடம். தெசாங்காவும் அழுதாள். அவள் அழுதது வேறு எதற்காகவோ என்று உங்கள் புகாரில் இருக்கிறது.

சாவியை எடுத்துக் கதவைத் திறந்தது ஸ்ரெதென்தான். கோட்டைக்கூட மாட்டாமல் எல்லோரும் இறங்கிப் போனார்கள். தெசாங்காவும் தங்கையோடு போய்விட்டாள். படியிலிருந்து திரும்பிப் பார்த்து, "அதையே கட்டிக்கிட்டு இரு" என்றாள். ஆசீர்வாதமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆமாம். பூட்டியது நான். சாவியை வைத்தது நான். ஃப்ரிட்ஜ், அலமாரி, என் மனைவி, என் கூம், ஒரு பாதிரியார், எல்லாம் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் எனக்கு ஒரே ஒரு கவலை இருக்கிறது. அவர்கள் போன நாளிலிருந்து பேபா மறுபடியும் எதையும் தொடுவதில்லை. நான் தின்று காட்டுகிறேன், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஓர் ஆள் கூட்டம் ஆகாதாம். டாக்டரிடம் கேட்டேன். குறைந்தது இன்னும் ஒருவராவது வேண்டும் என்றார். அப்புறம் ஏனோ போனை வைத்துவிட்டார். வீட்டில் விதை ஒன்றுகூட இல்லை. இன்னும் இரண்டு நாள் இப்படிப் போனால் அவள் தாங்க மாட்டாள்.

உங்களைப் பார்த்ததிலிருந்து அவள் சுறுசுறுப்பாக இருக்கிறாள். கவனித்தீர்களா? தோடு பிடித்திருக்கிறது.

எழுந்திருக்காதீர்கள், மேடம். அந்தக் கைப்பிடியை அழுத்தினால் திறக்காது, நீங்கள் பார்க்க வந்த கதவு அதுதானே. இதோ தட்டு. இன்று பூசணியில் கொஞ்சம் மாதுளையும் சேர்த்திருக்கிறேன், விருந்தாளிக்காக. நான் யாரையும் எப்போதும் கட்டாயப்படுத்தியதில்லை என்று கடைசி வரியாக எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வையுங்கள்.

இப்போது நன்றாக வாயைத் திறந்து, அவளுக்குத் தெரிகிற மாதிரி மெல்லுங்கள். சிரித்துக்கொண்டே.