மௌனமான செல்களைப் பேசவைத்த தலைவிக்கு

இதயக் குழாயின் உட்சுவர் அறிந்த இணையிலா அறிஞரே! நுண்ணோக்கி முன் நோன்பிருக்கும் நுண்மதியாளரே! ஆக்சிஜனைக் குறைத்துச் செல்களைச் சோதிக்கும் குறைகாற்றுப் பெட்டியின் கதவை எவர் திறந்தாலும் மாடியிலிருந்தே மோப்பம் பிடிக்கும் எம் தலைவியே! வணக்கம்!

குழாயில் இரத்தம் தடைபட்டால் ஆக்சிஜன் குறைகிறது. கூடவே அமிலம் ஏறுகிறது. உட்சுவரில் ஓடு பதித்தாற்போல் அடுக்கியிருக்கும் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் கால்சியச் சமிக்ஞை அப்போது அடங்கிவிடுகிறது. அடக்குவது இவ்விரண்டில் எது? "ரெண்டும் கூட்டுக் களவாணிங்கப்பா. எப்பப் பாரு ஜோடியாத்தான் மாட்டுறாங்க" என்பீர்கள். அமிலமே என்பது தங்கள் கட்சி. அதுவே உண்மையானால், அமிலத்தைத் தணித்துச் செல்களை மீட்கலாம். அந்த விடையைக் கண்ணால் காணாமலே ஓய்வுபெறும் நாள் வந்துவிடுமோ எனத் தாங்கள் தவித்ததை நாங்கள் அறிவோம்.

அறிந்திருந்தும் நாங்கள் செய்த கைங்கரியம் கேளீர்! தங்கள் பிரிவு விழாவின் பலூன்களை ஊத, பெட்டிக்குள் ஆக்சிஜனை அண்டவிடாமல் காக்கும் நைட்ரஜன் உருளையையே திறந்துவிட்டோம். உருளை காலி, பெட்டிக்குள் வெளிக்காற்று, உள்ளே செல்களோடு அமிலமேற்றிய தட்டு. பலூன்களாவது பறந்தனவா? இதோ, தங்கள் காலடியில் உருள்கின்றன.

"பாவிங்களா! பலூனுக்கா ஊதுனீங்க?"

"அழகா இருக்கட்டும்னுதான் மேடம்..." என்றார் உருளைப் பொறுப்பாளர்.

"உன் அழகைக் கொண்டுபோய்க் குப்பையில போடு!" என்ற தாங்களே, தட்டைக் கொட்டப் போன அவர் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். "இருப்பா, இருப்பா. காத்து வந்தாச்சு, அமிலம் மட்டும் அப்படியே இருக்கு. ஜோடி பிரிஞ்சிருச்சுடா!"

நுண்ணோக்கியில் பார்த்தால், காற்றிருந்தும் செல்கள் கப்சிப். அமிலத்தைத் தணித்தீர்கள். ஊற்றிவைத்த தேநீர் ஆறி ஆடை கட்டியது. பிறகு ஓரத்தில் ஒரு செல் மினுக்கியது. பக்கத்துச் செல் பதில் சொன்னது. சற்று நேரத்தில் தட்டு முழுக்க ஊர்வம்பு!

கைதட்டினோம். "கையை இறக்குங்க. ஒரு தடவை நடந்தா அது உங்க கூத்து. மூணு தடவை நடந்தாத்தான் விஷயம்" என்றீர்கள். இரண்டாம் முறை வேண்டுமென்றே செய்தோம், அதே விடை. மூன்றாம் முறை வரும் திங்களன்று. தாங்களோ இன்று மாலையே ஓய்வு பெறுகிறீர்கள்.

தம் பிழையை எங்கள் தலையிலும், எங்கள் வெற்றியைத் தம் பெயரிலும் ஒருபோதும் எழுதாத உத்தமரே! திங்களன்று தாங்கள் உள்ளே வர வாயிற்காவலரிடம் விருந்தினர் அனுமதி வாங்கிவிட்டோம். "நேத்து வரைக்கும் என்னை அதட்டினவங்க விருந்தாளியா?" என்று அவர் இன்னும் சிரித்து ஓயவில்லை. விடை மாறினால் எங்களைத் திட்ட ஆள் வேண்டும். மாறாவிட்டால் முதலில் பார்க்க ஆள் வேண்டும். இரண்டுக்கும் தங்களை விட்டால் எங்களுக்கு நாதியில்லை.

காற்றுக் குறைவும் அமிலமும் தங்கள் இதயக் குழாய்களை எட்டியும் பாராதிருக்க! நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு வாழ்க! அந்த நூறாண்டில் வரும் திங்கட்கிழமை காலையை மட்டும் எங்களுக்குத் தருக!

இங்ஙனம்,
தங்கள் வசவில் வளர்ந்த ஆய்வகப் பணியாளர்கள்